பிளாக் செய்த எண்ணுக்குக் கைதட்டல்

ஆவடியில் ஒரு மாதா கோயில் ஹாலில், சனிக்கிழமை காலையில், பதினாலு பெண்களைக் கைதட்டச் சொன்னவள் நான். ஒருத்தி அந்த வாரம் தன் போனில் எத்தனை எண்களை பிளாக் செய்தாள் என்பதற்காகக் கைதட்டினோம். அதில் ஒரு எண்ணிலிருந்து கூப்பிட்டது அவள் புருஷன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, அடுத்தவர் போனை வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் கைதட்டிய மறுநாள் செத்துப்போனார். கூப்பிட்டது அவர்தான் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. எழுதினால் பாவம் தீர்ந்துவிடும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினேன். டைப்ரைட்டரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரில் முடித்தேன். ரிட்டயர் ஆன பிறகு கொரட்டூர் ஃப்ளாட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எனக்குச் சும்மா இருக்க வராது. அடுத்தவர் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வராது. பக்கத்து ஃப்ளாட்காரி போனில் எழுத்து பெரிசாகத் தெரிய என்ன செய்வது என்று கேட்டால், சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன். என் வாய் அப்படி.

ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தி ஆவடிக்காரி. அவள் தன் கோயில் சாமியாரிடம் பேசி, சனிக்கிழமைகளில் ஹாலை வாங்கிக் கொடுத்தாள். நான் அந்த மதம் இல்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. யாரோ கொடுத்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்தன. வீட்டு வேலை, கம்பெனி வேலை, டெய்லரிங் என்று அலைகிற பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மௌஸைப் பிடித்தால் அம்பு ஒரு பக்கம், அவர்கள் கை ஒரு பக்கம். ஒரு மாசம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "இது வேணாம் மிஸ், போன சொல்லிக் குடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று பேர், நடந்தது போன் கிளாஸ். ஈமெயில் திறப்பது, ஆதாரை டவுன்லோடு செய்வது, பாஸ்வேர்டை நோட்டுப் பின்னட்டையில் எழுதி வைக்காமல் இருப்பது, இதெல்லாம்தான் பாடம்.

அப்புறம் ஒருத்தி ஏமாந்தாள். தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வந்திருக்கிறது, எடுத்திருக்கிறாள். எதிரே அம்மணமாக ஒருவன். அவள் முகத்தையும் அவனையும் சேர்த்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்ட ஆரம்பித்துவிட்டான். அவள் மூன்று வாரம் கிளாஸுக்கு வரவில்லை. நாலாவது வாரம் வந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு சட்டமே போட்டேன். பேர் போட்டு வைத்திருக்கிற எண் வந்தால் எடு. பேர் இல்லாமல் வந்தால் எடுக்காதே. அதிலும் முன்னால் பிளஸ் போட்டுத் தொண்ணூற்றொன்று இல்லாமல் வேறு எதுவாவது இருந்தால் வெளிநாடு, முழு எண்ணைக்கூடப் பார்க்காதே, உடனே பிளாக் செய்.

சொன்னால் மட்டும் போதாது என்று ஒவ்வொரு வாரமும் கிளாஸ் தொடங்கும்போது கணக்குக் கேட்டேன். இந்த வாரம் யார் எத்தனை பிளாக் செய்தீர்கள்? ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று சொல்வாள். அதிகம் சொன்னவளுக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் மாதிரி அவர்களுக்கு அதில் ஒரே குஷி. லோன் வேண்டுமா என்று கேட்டவன், மனை வேண்டுமா என்று கேட்டவன், எல்லோரையும் பிளாக் செய்துவிட்டுப் பெருமையாக வந்து ஒப்பித்தார்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

அவள்தான் கிளாஸில் கெட்டிக்காரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. தையல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண் என்பதால் போனிலும் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வாள். புருஷன் மஸ்கட்டில் வெல்டர். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. நான் சட்டம் போட்ட அன்றைக்குக் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டவளும் அவள்தான்.

"மிஸ், எங்கூட்டுக்காரரு நம்பரும் வெளிநாடுதான? அவர இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எண்ணைப் பேர் போட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறேன் என்றாள். அப்புறம் என்ன?

"வேற நம்பர்லேந்து அவரு கூப்ட்டா?"

"ஏன், அவருக்கு அவர் போன் இல்லையா? வேற நம்பர்லேருந்து நான்தான் உன் புருஷன்னு எவனாவது சொன்னான்னா, அவன்தான் முதல் திருடன்."

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் சொன்னது தப்பில்லை. அப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். ஆனால் அவள் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை, அதற்கு நான் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரிப்பு மூட்டினேன்.

கிளாஸ் முடிந்தால் சில நாள் என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வருவாள். மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவாள். அப்படி ஒரு நாள் வரும்போது தன் சண்டையைச் சொன்னாள். குழந்தைக்குப் புதுநன்மை வருகிறது. அது அவர்களுக்குப் பெரிய விசேஷம், பிள்ளைக்கு வெள்ளை கவுன் தைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் செய்வது. அதற்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்த மனுஷன், அவளைக் கேட்காமலே இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவள் போனில் கத்தியிருக்கிறாள். டிக்கெட் போட்டுவிட்டுக் கூப்பிடு, அதுவரைக்கும் கூப்பிடாதே என்று வைத்துவிட்டாள். அவரும் ரோஷக்காரர். பத்து நாளாகக் கூப்பிடவில்லை.

நீயாவது கூப்பிட்டுத் தொலையேன், இதில் என்ன கௌரவம் என்று திட்டினேன்.

"அவராண்ட அதெல்லாம் வேலைக்கு ஆவாது மிஸ். நான் கூப்ட்டா இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டுகினு குந்திப்பாரு. பாருங்க, அவரே கூப்புடுவாரு. என்கூட பேசாம அவரால இருக்க முடியாது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிச்சயத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கணக்குக் கேட்டேன். அவள் எழுந்து, ஏழு என்றாள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. அதில் ஒன்று வியாழக்கிழமை வந்த வெளிநாட்டு எண் என்றும், கம்பெனியில் டீ நேரத்தில் அடித்தது, முன்னால் தொண்ணூற்றொன்று இல்லை, கட் பண்ணியதும் திரும்ப அடித்தது, உடனே பிளாக் செய்தேன், நீங்கள் சொன்ன மாதிரி மேற்கொண்டு எண்ணைப் பார்க்கவேயில்லை என்றும் விவரமாகச் சொன்னாள். இப்படி இருக்கணும் என்று நான் மற்றவர்களைப் பார்த்துச் சொல்லி, பலமாகத் தட்டுங்கள் என்றேன். பலமாகத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை சாயந்திரம் என் ஆபீஸ் சிநேகிதி போன் செய்தாள். மஸ்கட்டில் அந்தப் பெண்ணின் புருஷன் இறந்துவிட்டார் என்றாள். வியாழக்கிழமை வேலையில் இருக்கும்போது நெஞ்சு வலி. கம்பெனி ஆள் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். சின்ன வலிதான், இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர் தங்கியிருந்த ரூமிலேயே போன் சார்ஜில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உயிர் போய்விட்டது.

வியாழக்கிழமை என்று கேட்டதும் அவள் பிளாக் செய்த எண் ஞாபகம் வந்தது. இருக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன். தினமும் எத்தனையோ வெளிநாட்டு எண் வருகிறது.

உடல் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பெட்டியைத் திறக்க விடவில்லை, முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி மட்டும் இருந்தது. குழந்தை அந்தக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் பின்வரிசையில் நின்றுவிட்டு, அவள் கண்ணில் படாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், சனிக்கிழமை நான் ஹாலைத் திறக்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரும் இன்னும் வரவில்லை. உள்ளே வந்து, நான் உட்கார்ந்த பிறகு, போனை என் கையில் கொடுத்தாள்.

"அந்த வியாழக்கெழம ஒரு நம்பர் வந்துச்சே மிஸ். கிளாஸ்ல சொன்னேனே. அது அவரா இருக்குமா? நான் தேடிப் பாத்துட்டேன், எங்க கீதுன்னே தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பிளாக் செய்த எண்ணை அவளால் கண்டுபிடிக்க முடியாது. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, அது போய் எங்கே சேர்கிறது, அங்கே போய் எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போனேன். அவள் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண் இருந்தது. மஸ்கட் எண்தான். பிளாக் செய்த பிறகு அதிலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார். வியாழக்கிழமை மூன்று, வெள்ளிக்கிழமை ஐந்து. ஒன்பதாவது சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. அந்த நேரத்தில் அவள் இதே ஹாலில், இதே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளாக் செய்த எண் என்பதால் போன் சத்தம் போடவில்லை.

மெசேஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பிளாக் ஆனவை போய்ச் சேரும் இடத்தில் இரண்டு கிடந்தன. ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தார். முதலாவதில், நான்தாம்மா, நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில இருக்கேன், போன எடு என்று இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை வந்தது. இன்னும் கோவமா, பாப்பாவையாவது பேசச் சொல்லு என்று இருந்தது.

  ஏசி இல்லாத ஹாலில் எனக்குக் குளிர்ந்தது. நான்தான் உன் புருஷன் என்று எவனாவது சொன்னால் அவன்தான் முதல் திருடன் என்று நான் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் என் காதில் கேட்டது.

"இல்லம்மா. இது வேற ஏதோ நாடு. திருட்டுப் பசங்க" என்றேன்.

"நெசமாவா மிஸ்?"

"உன்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

சொல்லிக்கொண்டே அழித்தேன். ஒன்பது அழைப்புகளையும், இரண்டு மெசேஜையும். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அந்தக் கேள்வி வந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். யோசிக்காமல் ஆம் என்று அழுத்தினேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அவர்தான் கூப்பிட்டு, நான்தான் கட் பண்ணிவிட்டேனோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன், இப்போதுதான் மூச்சு வருகிறது என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரயிலில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்பத்தூர் வருவதற்குள் அது பொய் என்று தெரிந்துவிட்டது. அவளுக்காக என்றால் ஏன் அழிக்க வேண்டும்? என்றைக்காவது சொல்லலாம் என்று வைத்திருக்கலாமே. அந்த எண்ணை அவள் கண்ணில் காட்டினால், பதினாலு பேருக்கும் தெரியும், சாமியாருக்குத் தெரியும். கெட்டிக்காரி மிஸ் என்கிற பேர் போய்விடும். அதற்காக அழித்தேன். செத்துக்கொண்டிருந்த ஒருவன் தன் பெண்டாட்டிக்கு எழுதியதை, என் பேருக்காக அழித்தேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் கிளாஸில் கணக்குக் கேட்பதை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டார்கள், நேரமில்லை என்றேன். இரண்டு வாரம் போனேன். எழுத்தைப் பெரிசாக்குவது, படத்தை அனுப்புவது என்று ஏதோ சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். பாவம், அவர்கள் அதையும் நம்பி, தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள்.

அடக்கம் ஆன முப்பதாம் நாள் பூசைக்கு அவளே போன் செய்து கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. பூசை முடிந்து, அதே ஹாலில் இலை போட்டார்கள். கம்ப்யூட்டர்களை மூலைக்குத் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்தது. புதுநன்மையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சிநேகிதி சொன்னாள்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். என் முழங்காலைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாள். அப்புறம் புருஷனைப் பற்றிச் சொன்னாள்.

அவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார் என்றாள். கூட வேலை பார்த்த வெல்டர் ஒருவர் அடக்கத்துக்கு அப்புறம் போன் செய்து எல்லாம் சொன்னாராம். சனிக்கிழமைவரை நினைவோடு, எழுந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டுதான் இருந்தாராம். அந்த வார்டு முழுக்க நம்ம ஊர்க்காரர்கள், மலையாளத்துக்காரர்கள்.

"கேட்டா ஒருத்தர்கூடவா போன் குடுத்திருக்க மாட்டாங்க? என் நம்பரு அவருக்கு மனப்பாடம் மிஸ். கல்யாணம் ஆனதுலேந்து அதே நம்பருதான். மூணு நாள்ல ஒரு வாட்டி கூப்டல. நான் கூப்புடாதன்னு சொன்னேன்ல, அத மனசுலயே வச்சிகினு பூட்டாரு. நான்தான் பெரிசா சொன்னேன், என்கூட பேசாம அவரால இருக்க முடியாதுன்னு. இருந்துட்டாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது. குழந்தை இருந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

"பாப்பா தெனம் கேக்குது, அப்பா ஏன் கடைசியா என்கூட பேசலன்னு. இன்னா சொல்றது? நம்ம மேல கோவமா இருந்தாருன்னு சொல்லிட்டேன்."

 பாப்பாவையாவது பேசச் சொல்லு என்று அவர் அடித்திருந்தது, எழுத்துக்கு எழுத்து என் கண் முன்னால் வந்து நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஒன்பது தடவை கூப்பிட்டாரம்மா என்றால், எங்கே மிஸ், காட்டுங்க என்பாள். காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? அவளைத் தேற்றுவதற்காக நான் புதுசாக ஒரு கதை கட்டுகிறேன் என்றுதானே நினைப்பாள்? உண்மையைச் சொல்லி, அது பொய்யாகிவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன மிஞ்சும்? இதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் யோசித்தேன். யோசித்ததில் பாதி கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும்.

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. அவர் கூப்பிட்டிருப்பாரு. உனக்கு வந்து சேராம போயிருக்கும்" என்றேன்.

அவள் என் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

"நீங்கதான மிஸ் பாத்தீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.